பச்சைக் கரை

நெசவாலையில் அவளுக்கு ஊசிக்கண் என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்கிற துணிச்சல் பாதிப் பேருக்கு இல்லை. ஆனாலும் அது அவளுக்குத் தெரியும், தெரிந்து உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்தும்போவாள். சோதனை அறையில் அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை ஒன்று உண்டு. அதன் மேல் துணி மெல்ல ஓடும். இழை அறுந்த இடம், முடிச்சு விழுந்த இடம், எண்ணெய்க் கறை, நூல் தடித்துப்போன இடம் என்று எது வந்தாலும் அவள் காலடியில் இருக்கும் மிதியை அழுத்தித் துணியை நிறுத்துவாள். ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். மறுபடி ஓடவிடுவாள். ஸ்டிக்கர் கூடிப்போன சுருள் இரண்டாந்தரம். அதை நெய்தவன் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல். நெய்கிறவர்களில் ஒருவர் அவள் கணவர்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் அந்த மேசைக்கு வந்தாள். வந்த புதிதிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் நெய்கிறான், பெண்டாட்டி பாஸ் போடுகிறாள், இதைவிடக் குடும்பம் நடத்த நல்ல வழி உண்டா என்று டீக்கடையில் ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரிக்க, அது கைகால் முளைத்து அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே முடிவெடுத்தாள். அந்த மனிதர் துணியில் ஒரு தூசியைக்கூட விடுவதில்லை, அப்புறம் எவன் வாயைத் திறக்கிறான் என்று பார்த்துவிடலாம். அப்படியே செய்தாள். வாய்கள் மூடின. ‘கட்டின புருஷனையே விடமாட்டா’ என்று பேச்சு மாறியது. ஊருக்குப் பயந்து எடுத்த முடிவுக்கு நேர்மை என்று பெயர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? அந்தப் பெயரை அவள் நகையைப் போலப் போட்டுக்கொண்டாள், கழற்றவே இல்லை.

எந்தத் துணி எந்தத் தறியில் நெய்தது என்று கண்டுபிடிக்க அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தறிக்கு ஒரு நிறம். துணியின் இரண்டு ஓரங்களிலும் அந்த நிறத்தில் ஒற்றை நூலை ஓடவிடுவார்கள். கரை நூல் என்பார்கள் அதை. தைக்கும்போது அது மடிப்புக்குள் போய்விடும், வாங்குகிறவர் கண்ணில் படாது. அவள் கணவரின் தறிக்குப் பச்சை. பக்கத்துத் தறிக்கு மஞ்சள். அதை ஓட்டுகிறவன் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டு, சட்டைப்பையில் சீப்போடு திரிகிறவன். அவனுக்கு மைனர் என்று பெயர் வைத்ததில் யாருக்கும் அதிகம் மூளைச் செலவு ஆகியிருக்காது.

இரண்டாந்தரத் துணியை ஆலையில் வேலை செய்கிறவர்களே மலிவாக எடைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவள் கணவர் தம் துணியைத் தாமே எடுத்து வந்துவிடுவார். வேறு யாராவது வாங்கிப்போய்த் தொங்கவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இது இன்னார் நெய்தது என்று காட்டுவார்களோ என்று ஒரு கூச்சம். அதனால் அந்த வீட்டில் ஜன்னல் திரை, படுக்கை விரிப்பு, அலமாரி மறைப்பு, தலையணை உறை எல்லாமே பச்சைக் கரைதான். வருகிறவர்கள், “பச்சைன்னா உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?” என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “விதிச்சது அதுதான்” என்பார். தம்மைப் பற்றிய கிண்டலுக்கு முதல் ஆளாகச் சிரிக்கிற மனிதர். இப்படிப்பட்டவர்களிடம் நாம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் சத்தம் வராது.

இந்த நிலையில்தான் ஆலைக்குக் கேமரா வந்தது.

ஒவ்வொரு தறியிலும், நெய்த துணி சுருளுக்குள் போகிற இடத்துக்கு மேலே ஒரு கம்பி, கம்பியில் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு விளக்கு. குறை கண்ணில் பட்டால் தறி தானாக நின்றுவிடும், விளக்கு சிவப்பாக எரியும். நெய்து முடித்து, சுருட்டி, மேசைக்கு வந்த பிறகு குறையைக் கண்டுபிடித்து என்ன பயன், விழும்போதே பிடித்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். நல்ல எண்ணம்தான். அதைப் பொருத்த வந்த இளம் பொறியாளரை எல்லாரும் கேமராப் பொண்ணு என்றார்கள். வாய்க்குள் எப்போதும் ஒரு பிஸ்கட், மூக்கு நுனியில் கண்ணாடி, யாரைப் பார்த்தாலும் ‘அக்கா’, ‘அண்ணா’. வெறுக்கவேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தவர்களுக்கே வெறுக்க வரவில்லை.

“முதல்ல இதுக்கு ஒண்ணும் தெரியாது. நாமதான் சொல்லித்தரணும். உங்கள்ல யாருக்குக் கண்ணு நல்ல கண்ணு?” என்று கேட்டாள் அவள்.

மேஸ்திரி யோசிக்கவே இல்லை. கையை நீட்டி ஊசிக்கண்ணைக் காட்டினார்.

அப்புறம் நாள் கணக்கில் ஊசிக்கண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். எல்லாத் தறிகளிலிருந்தும் எடுத்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கரையிலிருந்து கரை வரை ஒரு பட்டைத் துணி, ஒரு படம். நல்லது என்றால் ஒரு பொத்தான், குறை என்றால் இன்னொன்று. “யோசிக்காதீங்கக்கா. மேசையில எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே பாருங்க. பார்த்ததும் கை போகணும். அதுதான் வேணும்” என்றாள் கேமராப் பொண்ணு. ஊசிக்கண்ணுக்குப் பார்த்ததும் கை போயிற்று. இவ்வளவு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததற்கு இப்போதாவது ஒரு மரியாதை வந்ததே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. இனிமேல் ஒவ்வொரு தறிக்கு மேலும் அவள் கண் உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்தது. கேமரா ஓட ஆரம்பித்த அன்றே ஒரு தறி மட்டும் நின்று நின்று ஓடியது. எது என்று சொல்லவேண்டுமா? பச்சை.

மற்ற தறிகள் எப்போதாவது ஒரு முறை நின்றன. அவருடைய தறி, வயிறு சரியில்லாத குழந்தை ஏறிய பஸ் மாதிரி, நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. சிவப்பு விளக்கு எரியும். அவர் குனிந்து பார்ப்பார், தடவிப் பார்ப்பார், ஒன்றும் அகப்படாது. ஓடவிடுவார். மறுபடி சிவப்பு. மைனர் சும்மா இருப்பானா?

“அண்ணே, அண்ணி கண்ணைக் கழட்டி நேரா உங்க தலைக்கு மேல மாட்டிட்டாங்க. வீட்டுலயும் தப்பிக்க முடியாது, இங்கயும் தப்பிக்க முடியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அவருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி. நேரே சோதனை அறைக்கு வந்து அவளிடமே சொன்னார். “ஏம்மா, நான் மூடி மறைக்கல. இந்த மாசத்தோட பார்ப்பேன். தறி இப்படியே நின்னுட்டிருந்தா உன் வீட்டுக்காரரைக் கிடங்குக்கு மாத்த வேண்டியதுதான். எனக்கு வேற வழி இல்ல.”

கிடங்கு என்றால் மூட்டை தூக்குவது. சம்பளம் அதேதான், சாப்பாட்டு நேரமும் அதேதான். ஆனாலும் தறியில் கை வைத்தவன் யாரும் அதை மாற்றல் என்று சொல்லமாட்டான். நீ நெய்யத் தெரியாதவன் என்று நாலு பேர் அறியச் சொல்வதுதான் அது.

அன்று சாயங்காலம் அவர்தான் சமைத்தார். வேலை முடிந்து யார் முதலில் வீட்டுக்கு வருகிறார்களோ அவர்கள் அடுப்பைப் பற்றவைப்பது அந்த வீட்டு ஏற்பாடு. அவள் ஒரு வாய் போட்டதும், “உப்பு கம்மி” என்றாள்.

பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிற மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “பக்கத்து வீட்டு அத்தை நேத்து குடுத்தப்போ இதே உப்புதான்மா. சூப்பரா இருக்குன்னு சொன்னே. அப்பா செஞ்சா மட்டும் உன் நாக்கு டீச்சராயிடும்.”

“வாயை மூடிட்டுச் சாப்பிடு” என்றாள் அவள்.

சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார், “நானே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். திங்கட்கிழமையிலருந்து கிடங்கு.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மாசம் முடியலையே. ஏன் நீங்களா போய்ச் சொன்னீங்க?”

“அவங்களா சொல்றதுக்கு நானா சொல்றது மேல். எனக்கு நெசவு வரலம்மா. நீ இத்தனை வருஷமா சொல்லிட்டுத்தான் இருந்தே. நான்தான், பொண்டாட்டி கொஞ்சம் கண்டிப்பு, ஊருக்காகச் செய்யுறா, நம்ம கை அவ்வளவு மோசமில்லன்னு என்னை நானே தேத்திக்கிட்டு இருந்தேன்.” துண்டை மடித்துக் கொடியில் போட்டார். அந்தத் துண்டுக்கும் பச்சைக் கரை. “இப்ப மெஷினும் அதையேதான் சொல்லுது. அதுக்கு நான் என்ன, மாமனா மச்சானா?”

இந்த மனிதர் இந்த எண்ணத்தை எத்தனை காலமாகத் தனியாகச் சுமந்திருக்கிறார் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் என்ன சொல்லித் தேற்றுவது? பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. அவர் துணியில் குறை இருந்தது, அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். “வேகத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓட்டிப் பாருங்களேன்” என்றாள். அதைச் சொன்னதற்கு அவள் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் “சரிம்மா” என்று சிரித்துவிட்டுப் படுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை, அவர் தறியில் நிற்கப்போகிற கடைசி நாட்களில் ஒன்று, அவள் மேசைக்கு முதலில் மஞ்சள் கரைச் சுருள் வந்தது. ஓடவிட்டாள். கால் மிதிக்குப் போகவே இல்லை. கடைசி முழம் வரை ஓடி முடிந்தது.

அடுத்த மேசையில் இருந்தவளை ஆலை முழுக்கச் சித்தி என்று கூப்பிடுவார்கள். யாருக்கும் சித்தி இல்லை, வாய் மட்டும் சித்தி வாய். ஊசிக்கண் அவளைப் பார்த்து, “பாரு சித்தி, மைனர் என்னதான் ஆட்டம் போட்டாலும் கை சுத்தம். எங்க வீட்டுக்காரர் இப்படி ஒரே ஒரு சுருள் நெய்திருந்தா இந்தக் கிடங்குப் பேச்சே வந்திருக்காது” என்றாள்.

அடுத்து பச்சைக் கரை வந்தது. மிதியில் கால் போயிற்று. ஸ்டிக்கர். கொஞ்ச தூரம் ஓடியது, மறுபடி கால், மறுபடி ஸ்டிக்கர். அழுகை வரும்போதும் அவள் கண் தப்பவிடவில்லை. கடைசி நேரத்தில்கூட இந்த மனிதர் கொஞ்சம் பார்த்து நெய்திருக்கக் கூடாதா என்று கோபம்கூட வந்தது. சுருள் முடிந்தபோது ஓரம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு.

அப்போது கதவை ஓங்கித் தள்ளிக்கொண்டு மைனர் உள்ளே வந்தான். காலர் ஒரு பக்கம் படுத்திருந்தது. அவன் எந்த நிலையில் இருந்தான் என்பதற்கு அதுவே போதும்.

“என்ன அண்ணி நடக்குது இங்க? நேத்திலருந்து என் தறி சேர்ந்தாப்ல நாலு அடி ஓடல. சிவப்பு, சிவப்பு, சிவப்பு! சரி, அந்தக் கேமராவுக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நினைச்சா, நீங்களும் இப்படி ஒட்டி வெச்சிருக்கீங்க!”

“ஏன் குதிக்கிறே? உன் துணி பாஸாகி அடுக்குல இருக்கு. ஒரு ஸ்டிக்கர் கிடையாது.”

“எது என் துணி?”

“மஞ்சள் கரை.”

“அது அண்ணன் துணி!” என்றான் மைனர். “நேத்து ரெண்டு தறிக்கும் புதுப் பாவு நூல் ஏத்தினப்ப, கரை நூல் கண்டு மாட்டுற பொண்ணுக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்து பச்சையை என் தறியில மாட்டிட்டு, மஞ்சளை அவர் தறியில மாட்டிட்டுப் போயிருச்சு. நீங்க இப்ப அம்மை போட்டு வெச்சிருக்கீங்களே, அதுதான் என் துணி!”

அவள் அடுக்கில் இருந்த மஞ்சள் கரைச் சுருளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவர் என்கிட்ட சொல்லவே இல்லையே” என்றாள்.

மைனரின் குரல் தணிந்தது. “நான் கேட்டேன் அண்ணி. மாத்தி மாட்டச் சொல்லலாமான்னு. விடுப்பா, என் தறிக்கு வேற ஆள் வரப்போறான், அதுக்காக நிறத்தை இப்பவே மாத்திட்டாங்க போலிருக்குன்னு சொல்லிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போயிட்டாரு.”

அவன் போனதும் அவள் எழுந்து, பழைய செய்தித்தாள் இரண்டு எடுத்து நீளமாக மடித்து, மேசையின் இரண்டு ஓரத்திலும் வைத்துக் கரையை மூடினாள். அதே சுருளை முதலிலிருந்து ஓடவிட்டாள். இப்போது வெறும் துணி மட்டும் தெரிந்தது. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கால் போகவில்லை. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடங்களைத் தேடிப் பார்த்தால் ஏதோ ஒரு நூல் மயிரிழை தடித்திருக்கும், அவ்வளவுதான். எந்தத் துணியிலும் இருக்கிற தடிப்பு. துவைத்தால் போய்விடும் என்று எல்லாருக்கும் விடுகிற தடிப்பு. பச்சைக்கு மட்டும் விடாத தடிப்பு.

பொய் அவள் சொல்லவே இல்லை, அதுதான் கொடுமை. இல்லாத குறையை ஒருநாளும் ஒட்டியதில்லை. இருந்ததைத்தான் ஒட்டினாள். மற்றவர்களிடமும் அதுவே இருந்தபோது ஒட்டாமல் விட்டாள்.

“சித்தி, உனக்குத் தெரியுமா இது?”

சித்தி தன் துணியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. “ஒரு தடவை சொன்னேன்டி. பாவம் அவர்கிட்ட ரொம்பக் கறாரா இருக்கேன்னு. நீ ரெண்டு நாள் என்கூடப் பேசல. அப்புறம் எனக்கெதுக்கு?”

கம்ப்யூட்டர் இருக்கும் கண்ணாடி அறையில் கேமராப் பொண்ணு ஒரு கையில் பிஸ்கட்டும் ஒரு கையில் தலையுமாக உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் வரை நல்லபடியாக ஓடிய தறி ஏன் நிற்கிறது, நின்ற தறி ஏன் ஓடுகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஊசிக்கண் கதவைச் சாத்திவிட்டு வந்து, உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். டீக்கடைப் பேச்சிலிருந்து செய்தித்தாள் வரைக்கும், ஒன்றையும் மென்று விழுங்கவில்லை.

“இருங்கக்கா” என்று அந்தப் பெண் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்து ஊசிக்கண் அன்றுதான் பார்க்கிறாள். பழைய படங்களில் பச்சைக் கரை உள்ளவற்றை எடுத்து, இரண்டு ஓரத்தையும் கறுப்பாக்கி, மறுபடி கேமராவின் மூளைக்குக் கொடுத்தாள். குறை, குறை என்று தள்ளியதையெல்லாம் அது இப்போது நல்லது, நல்லது என்றது. ஒரு மஞ்சள் கரைப் படத்தை எடுத்து ஓரத்தில் பச்சைக் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தாள். குறை என்றது.

“அது துணியையே ஒழுங்காப் பார்க்கலக்கா. கரையைப் பார்த்துட்டே முடிவு பண்ணியிருக்கு.”

“நானும் அப்படித்தாம்மா பார்த்திருக்கேன்.”

“தப்பு எனக்கும் உண்டு. கரையோட படத்தைக் காட்டினது நான்தானே. ஒரே ஆள்கிட்ட மட்டும் கேட்டதும் தப்பு.” அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “ஓரத்தை வெட்டிட்டு, இன்னும் ரெண்டு மூணு பேரை வெச்சுத் திரும்பச் சொல்லிக்கொடுத்துடலாம். அது மறந்துடும்க்கா, அதுக்கு ஒண்ணும் மனசுல நிக்காது.”

மெஷினுக்கு நிற்காது. சரி. ஊசிக்கண் வெளியே வந்து, நேரே தறிக்கொட்டகைக்கு நடந்தாள்.

தறிக்கொட்டகைக்குள் யாரும் கத்திப் பேசமாட்டார்கள். கத்தினாலும் கேட்காது, அவ்வளவு சத்தம். உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவார்கள், எதிரே இருப்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். இப்படியே பழகிப்போனதால் கொட்டகையின் இந்தக் கோடியில் பேசுவதை அந்தக் கோடியில் இருக்கிறவன் படித்துவிடுவான். ரகசியம் பேசவேண்டும் என்றால் வாயைக் கையால் மறைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அமைதியான அறையில் உட்கார்ந்து பழகிய ஊசிக்கண்ணுக்கு அது நினைவில் இல்லை. மேஸ்திரி காதோரம் நின்று சொன்னால் மேஸ்திரியோடு போய்விடும் என்று நினைத்தாள்.

“அவர் துணியில தப்பில்ல. நான்தான் பார்க்குறதுல தப்புப் பண்ணிட்டேன். புருஷன்னு சலுகை காட்டுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, மத்தவங்களுக்கு விட்டதை எல்லாம் அவருக்கு விடாம ஒட்டினேன். இத்தனை வருஷமும். அதையே கேமராவுக்கும் சொல்லிக்கொடுத்துட்டேன்.”

மேஸ்திரி அவளையே பார்த்தார். “ஏம்மா, இது மேல தெரிஞ்சா உன்னை மேசையில வெச்சிருப்பாங்களா? யோசிச்சுத்தான் பேசுறியா?”

“வெச்சா வெக்கட்டும், இல்லாட்டி போகட்டும். அவரைத் தறியிலருந்து எடுத்துடாதீங்க.” அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. “அவர் நல்லா நெய்வாரு.”

அந்த வாக்கியத்தை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. சொல்லிவிட்டுத் திரும்பினால், கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் கையில் வேலையை வைத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைனர்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மஞ்சள் நூல் ஓடிய தறிக்குப் பின்னால் அவள் கணவர் நின்றிருந்தார். சிரிக்கவில்லை. அவள் கண்ணைச் சந்தித்துவிட்டு, குனிந்து, அறுந்திருந்த ஓர் இழையை முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

கிடங்குப் பேச்சு அன்றோடு நின்றது. அவளை மேசையிலிருந்து எடுக்கவும் இல்லை, இரண்டு மேசைகளின் ஓரத்திலும் கரையை மறைக்கத் தகரப் பட்டை அடித்துக்கொடுத்தார்கள். கண்டிப்புக்காரி மாட்டிக்கொண்டாள் என்று இரண்டு நாள் டீக்கடையில் ஓடியது. இந்த முறை அது அவள் காதில் விழுந்தும் விழாத மாதிரிதான் இருந்தது. அவளுக்கு வேறு கவலை. இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை முடிகிற நாட்களில் வாசலில் சைக்கிளோடு காத்திருக்கிறவர் வெள்ளிக்கிழமை காத்திருக்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. வீட்டில் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, சந்தோஷமாகவும் ஒரு வார்த்தை இல்லை. பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது, அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி, வெயில் விழுகிற ஜன்னலில் விரித்துப் பிடித்தார். ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் பசை எத்தனை முறை துவைத்தாலும் போகாது, அழுக்குப் பிடித்துக் கறுப்பாக நின்றுவிடும். அப்படி ஒரு புள்ளிக்கு நேரே விரலை வைத்தார்.

“இதுல என்ன?”

அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். “நூல் லேசாத் தடிச்சிருக்கு.”

“மைனர் துணியா இருந்தா?”

“விட்டிருப்பேன்.”

விரல் அடுத்த புள்ளிக்குப் போயிற்று. “இது?”

“விட்டிருப்பேன்.”

“இது?”

“விட்டிருப்பேன்ங்க.”

திரை முடிந்தது. அலமாரி மறைப்பைக் கழற்றினார். அடுத்து மேசை விரிப்பு. சத்தம் கேட்டு எழுந்து வந்த மகள், கழற்றிப் போட்டிருந்த குவியலைப் பார்த்துவிட்டு, “என்ன, வீட்டைக் காலி பண்றோமா?” என்று கேட்டாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

“தறியில நிக்கும்போது, உன் கால் அந்த மிதியை அழுத்துற சத்தம் எனக்குக் கேக்கும்” என்றார் அவர். அவளைப் பார்க்காமல், துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த இரைச்சல்ல எப்படிக் கேக்கும்? கேக்காதுதான். ஆனா எனக்குக் கேக்கும். ஒவ்வொரு நாளும். இதோ இப்ப ஒட்டுறா, இதோ இப்ப ஒட்டுறான்னு.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “ஊர் வாய்க்குப் பயந்துக்கிட்டு உங்களை அடிச்சிருக்கேன்” என்றாள். “அடிச்சுட்டு அதுக்கு நேர்மைன்னு பேர் வெச்சுக்கிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க.”

அவர் படுக்கை விரிப்பை இழுத்து வெயிலுக்கு நேரே தூக்கினார். ஒரு புள்ளி. தள்ளினார். இன்னொரு புள்ளி. தள்ளினார். நடுவில் ஓரிடத்தில் அவர் கை நின்றது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது, இந்த மூன்று நாளில் முதல் முறையாக.

“இந்தா, இங்க வா! இதைப் பாரு!”

அவள் எழுந்து வந்தாள்.

“இது நிஜம்! குறுக்கு நூல் ரெண்டு வரிசை விழவே இல்ல. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது பாரு. நூல் தீர்ந்தது தெரியாம தறியை ஓடவிட்டுட்டு யார்கிட்டயோ பேசிட்டு நின்னிருப்பேன். இதுல ஸ்டிக்கர் தடத்தையே காணோம். இதை நீ பார்க்கவே இல்ல!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். உண்மைதான். சின்னத் தடிப்புகளைத் தேடித் தேடி ஒட்டியவள், இதைக் கோட்டை விட்டிருக்கிறாள். ஆனாலும் அவர் துணியில் இனி ஒரு சொல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. “பரவால்லங்க. இதையும் விடலாம்” என்றாள்.

“விடக் கூடாது.” அவர் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. “இது என் தப்புதான். நானே கண்டுபிடிச்சேன். எனக்குத் தெரியுது பாரு, எது தப்பு, எது இல்லன்னு எனக்குத் தெரியுது.” மகளைப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா, உன் நோட்டுல ஒட்டுற ஸ்டிக்கர் ஒண்ணு கொண்டா.”

மகள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி மனைவியிடம் நீட்டினார்.

“நீ ஒட்டு.”

அவள் விரிப்பின் இரண்டு கரைகளையும் உள்ளே மடித்து, கண்ணில் படாமல் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். ஆற அமர ஒரு முறை பார்த்தாள். இரண்டு வரிசை விழாமல்தான் இருந்தது. ஒட்டினாள்.